எலிக்குத் தடுப்பூசி அட்டை கொடுத்த கடை: வளர்ப்பு எலி வாங்க இருப்பவர்களுக்கு

பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி வளர்ப்பு எலி வாங்கக் கடைக்குப் புறப்பட இருப்பவர்கள், புறப்படும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடந்த மார்ச் மாதத் தொடக்கத்தில், சென்னைப் புறநகரில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் நாங்கள் இரண்டு எலிகளை வாங்கினோம். அன்று அந்தக் கடைக்காரர் என்னிடம் சொன்னவற்றில் விலையைத் தவிர வேறெதுவும் உண்மையில்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை; கையில் முறையான ரசீது இல்லாமல் பெயரைப் போட்டால் அது எனக்கே வினையாக முடியும் என்று வழக்கறிஞரான என் தம்பி தடுத்துவிட்டான்.

எலி கூட்டமாக வாழும் பிராணி என்பதால் ஒன்றைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எங்கோ படித்து வைத்திருந்தாள். அது சரியான தகவல்தான். ஆகவே இரண்டு கேட்டோம். கண்ணாடித் தொட்டிக்குள் கும்பலாகக் கிடந்த குட்டிகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றையும் கறுப்பும் வெள்ளையுமாக இன்னொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி எடுத்த கடைக்காரர், "ரெண்டும் பொண்ணுதான்க்கா, கூடப் பிறந்த அக்கா தங்கச்சி, சண்டையே போடாது" என்றார். வயது ஐந்து வாரம், விலை தலா 900 ரூபாய், தடுப்பூசிக்குத் தலா 350 ரூபாய். ஊசி போட்டதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு அட்டையும் கொடுத்தார்.

அந்த அட்டையை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முகப்பில் நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு லேப்ரடார் நாய்க்குட்டி சிரித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பிராணியின் பெயர் என்ற இடத்தில் பேனாவால் 'ராட்' என்று எழுதியிருக்கிறார்கள். மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டை ஒட்ட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. மருத்துவர் கையொப்பத்துக்குப் பதிலாகக் கடையின் ரப்பர் முத்திரை விழுந்திருக்கிறது. வளர்ப்பு எலிகளுக்கு வழக்கமாகப் போடப்படும் தடுப்பூசி என்று ஒன்று கிடையவே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரமும் ஒரு மருத்துவரும் தேவைப்பட்டார்கள். எந்தக் கடையிலாவது எலிக்குத் தடுப்பூசி போட்டதாகச் சொல்லிப் பணம் கேட்டால், அந்தக் கடையில் அதற்கு மேல் நின்று பேச எதுவுமில்லை.

முதல் சில நாட்களின் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கடுகு, மிளகு என்று பெயர் வைத்தோம். நான்கே நாளில் பெயரைச் சொன்னால் கூண்டின் கதவருகே வந்து நின்றன. தேங்காய்ச் சில்லை வாங்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றுமே கிடைக்காததுபோல் மறுபடியும் கை நீட்டும் சாமர்த்தியம் மிளகுக்கு இருந்தது. மகளின் பள்ளிச் சட்டைக் கைக்குள் புகுந்து உறங்கும் கடுகு, காதோரம் தடவினால் பல்லை நறநறவென்று மெல்ல அரைக்கும். அப்போது அதன் கண்மணிகள் வெளியே வந்து போவதுபோல் துடிக்கும். பார்ப்பவர் பயந்துபோகும் அந்தக் காட்சி, பெரும்பாலும் எலி நிம்மதியாக இருப்பதன் அடையாளம். கிச்சுக்கிச்சு மூட்டினால் எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், நம் காதுக்கு எட்டாத ஒலியில் கீச்சிடுகின்றன என்பதை ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் இறுதியிலேயே ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்திருக்கிறார். மூஞ்சூறு பிள்ளையாரின் வாகனமாயிற்றே என்று என் மாமியார்கூட இறங்கி வந்துவிட்டார்; மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் வேறொரு பிராணி என்பதை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கடுகு தும்மத் தொடங்கியது. புது இடம், ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் அதன் மூக்கு நுனியிலும் கண்ணோரத்திலும் குங்குமத்தைக் கரைத்துத் தடவியதுபோல் ஒரு சிவப்பு தெரிந்தது. ஈரக் காகிதத்தால் துடைத்தேன், துருக்கறை போல ஒட்டிக்கொண்டு வந்தது. பதறிப்போய்க் கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, "அது ரத்தம் இல்லக்கா, அந்த ஜாதிக்கே கண்ணுல அப்படித்தான் வரும், பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததுதான் கேடாகப் போயிற்று. அது ரத்தம் இல்லை என்பது சரி. எலியின் கண்ணுக்குப் பின்னுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் பார்ஃபிரின் என்ற நிறமி அது. தூங்கி எழுந்தவுடன் சிறிது தெரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் துடைக்கத் துடைக்க வருகிறது என்றால், எலி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள முடியாத அளவுக்கு நோயிலோ கடுமையான மன அழுத்தத்திலோ இருக்கிறது என்று பொருள். ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியடைந்து, மேலும் பத்து நாட்களை நான் வீணடித்தேன்.

பிறகு ஓர் இரவில் மகள் கடுகைத் தன் காதோடு வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நானும் வைத்துக் கேட்டேன். உறிஞ்சுகுழலால் கோப்பையின் அடியில் மிச்சமிருக்கும் பழரசத்தை இழுக்கும்போது எழும் சத்தம், அந்தச் சிறிய விலாவுக்குள்ளிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு மருத்துவமனைகளில் நாயும் பூனையும் மட்டுமே பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாகக் கண்டுபிடித்த மருத்துவர்தான் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிரி ஏறக்குறைய எல்லா வளர்ப்பு எலிகளின் உடலிலும் தாயிடமிருந்தே வந்து குடியிருக்கிறது. உடல் தெம்பாக இருக்கும்வரை அடங்கிக் கிடந்து, இடநெருக்கடி, அழுக்கு, அலைச்சல் என்று ஏதாவது வந்தால் நுரையீரலைப் பிடித்துக்கொள்கிறது. மருந்தால் அதைக் கட்டுப்படுத்தலாம், அடியோடு ஒழிக்க முடியாது. காற்றோட்டமில்லாத கண்ணாடித் தொட்டியில் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா அந்தக் குட்டிகளின் மூச்சுக்குழாயை முன்பே புண்ணாக்கியிருக்கும் என்றார். கடைக்காரர் 200 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டிய மரத்தூள் மூட்டையைப் பற்றிச் சொன்னதும் அன்றே தூக்கி எறியச் சொன்னார். தூசியே எலிக்கு ஆகாது, அதிலும் பைன் போன்ற வாசனை மரத்தின் தூள் மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலூட்டும். கிழிந்த பருத்தித் துணியும் துண்டாக்கிய வெற்றுக் காகிதமும் போதும் என்பது அவர் அறிவுரை. அவற்றுக்குச் செலவும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர், "கூட இருக்குறது ஆணா மேடம்?" என்று கேட்டார். தங்கச்சி என்று சொல்லி விற்கப்பட்ட மிளகு ஆண். எலிகள் ஐந்து, ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன, கர்ப்பகாலம் 21 முதல் 23 நாட்கள்தான். எலும்பும் முற்றாத, மூச்சுக்குத் தவிக்கும் ஒரு குட்டியின் வயிற்றில் குட்டிகள். இந்த நோய்க்குப் பெரிதும் பயன்படும் டாக்சிசைக்ளின் கருவின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, வேறு மருந்தைத் தயக்கத்தோடுதான் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரலில் எட்டுக் குட்டிகள் பிறந்தன, இரண்டு தங்கவில்லை. ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் எலி மறுபடியும் கருத்தரிக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் மிளகுக்கு முன்பே தனிக் கூண்டு வாங்கியிருந்தோம். ஐந்தாம் வாரத்துக்குள் ஆண் குட்டிகளையும் தாயிடமிருந்து பிரித்தாயிற்று. மே மாத வெயிலில், வியர்க்கும் வசதி இல்லாமல் வாலின் வழியாகச் சூட்டை வெளியேற்றும் இந்தப் பிராணிகளுக்காக, உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பதே எங்கள் வீட்டு மதிய வேலையாக இருந்தது. கடுகு தேறியது, மீண்டும் இளைத்தது, மீண்டும் தேறியது. செப்டம்பரில் இறந்துவிட்டது. நல்ல நிலையில் வளர்க்கப்படும் எலி இரண்டு முதல் மூன்று ஆண்டு வாழும். இது ஒரு வயதைக்கூடத் தொடவில்லை.

ஆண் பெண் பார்ப்பது ஒன்றும் வித்தையில்லை. ஆண் குட்டிக்குச் சிறுநீர்த் துளைக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள தூரம் அதிகம். ஐந்து வாரத்தில் விதைகளும் தெரியும், ஆனால் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. பெண்ணுக்கு வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்புகள் இருக்கும், ஆண் எலிக்குக் காம்பே கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடக்கும் கடையில், சரியாகப் பார்த்து எடுத்த பெண் குட்டியும் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். பெண் எலிகளுக்கு வயதானபின் மார்புக் கட்டிகள் வருவது சகஜம், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை என்றாலும் அறுவை தேவைப்படும். எனவே எலியைப் பார்க்கும் மருத்துவரை முதலில் தேடி வைத்துக்கொண்டு, எலியைப் பிறகு தேடுங்கள். எலிக் காய்ச்சல் வருமோ என்று என் மாமியார் பயந்தது வீண் பயமில்லை. வெளி எலியோ பெருச்சாளியோ அண்ட முடியாத இடத்தில் கூண்டை வைப்பதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், கடித்த பிறகு காய்ச்சல் வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் கட்டாயம்.

கடுகு இறந்த மறுவாரம் மருத்துவரின் சீட்டுகளோடு கடைக்குப் போனேன். "எலிக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களாக்கா? வேற ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க, காசு வேணாம்" என்று பெருந்தன்மையோடு சொன்னார். தடுப்பூசிப் பணத்தைக் கேட்டதற்கு, அட்டையைக் கொடுத்தோமே என்றார். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளில் எலி, சுண்டெலி வகைகளும் செல்லப்பிராணி என்றே குறிப்பிடப்பட்டுள்ளன; கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி ஊரில் இல்லை என்றார். வாரியத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் அழைத்தபோது ரசீதைக் கேட்டார்கள். என்னிடம் இருப்பதோ 'பெட் 2' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு.

நான் கிளம்பும்போது ஒரு சிறுவனும் அவன் அம்மாவும் அதே தொட்டியின் முன் நின்றிருந்தார்கள். இரண்டும் பெண் என்று அவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பிப் பிடித்து வயிற்றைப் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பார்த்தார். "வியாபாரத்தைக் கெடுக்காதீங்கக்கா" என்றார் கடைக்காரர், முதன்முறையாகக் குரலை உயர்த்தி.