பழைய மில்லுக்கு மாக்3-ஆ, லினக்ஸ்சிஎன்சியாங்க?

கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைல பழைய சிஎன்சி மில்லு (கம்ப்யூட்டர் ஓட்டற, உலோகம் வெட்டற மெஷின்) வச்சிருக்கறவங்க கன்ட்ரோல் போயிருச்சுன்னா கேக்கறது இதேதானுங்க. மாக்3, லினக்ஸ்சிஎன்சி ரெண்டுமே அந்த கன்ட்ரோலுக்கு பதிலா கம்ப்யூட்டர்ல போடற சாஃப்ட்வேர். ஸ்லைடுவே (மேசை நகர்ற தடம்) தேயாம இருந்தா தயவுசெஞ்சு காயலான் கடைக்கு போட்றாதீங்க.

செலவு: மாக்3-க்கு லைசென்ஸ் வாங்கோணும். லினக்ஸ்சிஎன்சி இலவசம், கம்ப்யூட்டரயும் மெஷினயும் இணைக்கற கார்டுக்குத்தான் காசு.

பழக: மாக்3 விண்டோஸ்ல ஓடும், சுளுவு. லினக்ஸ்சிஎன்சில செட்டிங் ஃபைலோட பொறுமையா உக்காரோணும்.

செர்வோ (நின்ன இடத்த அளந்து தன்னைத் திருத்திக்கற மோட்டார்): இங்கதான் விசயமே. மாக்3 எவ்வளவு நகரோணும்னு பல்ஸ் அனுப்பும், என்கோடர் (மோட்டார் எங்க நிக்குதுன்னு காட்டற சென்சார்) பாத்து திருத்தறது ட்ரைவ் (மோட்டாருக்கு கரன்ட் குடுக்கற யூனிட்) வேலை. லினக்ஸ்சிஎன்சில மேசா 7ஐ77 கார்டு போட்டா அதுவே என்கோடர படிச்சு ட்ரைவுக்கு ±10 வோல்ட் அனலாக் சிக்னல் குடுக்கும், அதனால பழைய மோட்டார், ட்ரைவ் நல்லாருந்தா அப்படியே வச்சுக்கலாமுங்க, பெரிய செலவு மிச்சம்.

ஸ்டெப்பர் (பல்ஸுக்கு ஒரு அடின்னு நகர்ற மோட்டார்) மாட்டுன சின்ன மெஷினுக்கு மாக்3 போதும், அனலாக் செர்வோ இருக்கற மில்லுக்கு நான் லினக்ஸ்சிஎன்சிதான் சொல்லுவேன். எதப் போட்டாலும் எமர்ஜென்சி ஸ்டாப்ப சாஃப்ட்வேர நம்பாம தனி ரிலேல வயரிங் பண்ணிருங்க.