கான்டினென்டல் ஜிபி 5000 டிடி: மர டிராக்குக்கு எந்த அகலம், எவ்வளவு காற்று?

சாலையில் தனிநபர் நேரப் பந்தயத்துக்கென்று (டைம் டிரயல்) வந்த சைக்கிள் டயர் இது. 25, 28 மி.மீ. அகலங்களில் கிடைக்கிறது. டிராக்குக்கு, அதாவது சரிந்த வளைவுகள் கொண்ட சைக்கிள் பந்தய ஓடுதளத்துக்கு, 25 வாங்குங்கள். பல டிராக் ஃபிரேம்களின் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில்) 28 நுழையவே நுழையாது. பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ரிம்மின் உள்ளகலம் கூடினால் டயரும் விரியும். மாட்டிக் காற்றடித்து, மறுநாள் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். அளவு 26 வந்தால் ரிம்மின் வெளியகலம் 27.3 மி.மீ. இருப்பது நல்லது, அதாவது 5 சதவீதம் கூடுதல். அதற்குக் குறைந்தால் முன்சக்கரத்தில் காற்றுத் தடை ஏறும்.

காற்றழுத்தத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டெல்லி இந்திரா காந்தி வளாகத்தில் இருப்பது போன்ற 250 மீட்டர் மர டிராக்கில் 60 கி.மீ. வேகத்தில் வளைவுக்குள் போனால், டயர் தாங்கும் பாரம் உங்கள் எடையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நேர்ப்பாதையில் கச்சிதமாகத் தோன்றும் அழுத்தம் அங்கே போதாது. டயர் பக்கவாட்டில் மடங்கும், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. 70 கிலோ எடைக்கு முன்னால் 6.5, பின்னால் 7 பாரில் (காற்றழுத்த அலகு) தொடங்கி, கால் கால் பாராக ஏற்றிப் பாருங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச வரம்புகளில் எது குறைவோ, அதைத் தாண்டவே கூடாது. டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்முக்கு அந்த வரம்பு 5 பார்தான். டிராக்குக்கு அது ஆகாது. சொரசொரப்பான சிமென்ட் தளத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் டயர் துள்ளிப் பிடி இழக்கும்.

வெளியே குளிரில் அடித்துவிட்டு உள்ளரங்குக்குக் கொண்டுபோனால், 10 டிகிரி வெப்பம் கூடினாலே 7 பார் 7.3-ஐ நெருங்கிவிடும். அதனால் அரங்குக்குள் வந்த பிறகே, எப்போதும் ஒரே பம்பால் அடியுங்கள். லேட்டக்ஸ் டியூபில் ஓரிரவிலேயே காற்று இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

டியூப் இல்லாமல் டியூப்லெஸ்ஸாக ஓட்டலாம் என்றாலும் டியூப் போட்டே ஓட்டுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) மரத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். பல வெலோட்ரோம்களில் (சைக்கிள் பந்தய அரங்குகளில்) அதற்குத் தடையே உண்டு. புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பு மெழுகு ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பக்கவாட்டு வரை துடைத்த பிறகே சரிவில் ஏறுங்கள். சாலையில் ஓட்டிய டயரை மரத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம், புதைந்த கல் தளத்தைக் கீறும்.

பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பித் துரத்தும் போட்டி), டைம் டிரயல் ஓட்டுபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்போம். 10 பாருக்கு மேல் அடித்து நின்ற இடத்திலிருந்து உந்தும் ஸ்பிரின்டர்களுக்கு இது வேண்டாம். டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் நன்றாகப் பசை போட்டு ஒட்டிய டியூபுலர் டயரே அவர்களுக்குச் சரி.