உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டா, வாக்கரா, ஃபெல்ட்டா?

சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் புண் என்றதும் எந்த டிரெஸ்ஸிங் நல்லது என்ற பேச்சுதான் முதலில் வரும். வெள்ளி கலந்ததா, ஃபோமா, வெறும் சலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் துணியா என்று பயிற்சி வகுப்பில் பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது. மரத்துப்போன கால் வலிக்காது. வலிக்காத புண்ணின் மேல் மனிதர் நாள் முழுக்க நடப்பார். எத்தனை விலை உயர்ந்த டிரெஸ்ஸிங்கும் அந்த மிதியில் நசுங்கத்தான் செய்யும். காயப் பராமரிப்பில் ஒரே ஒரு கைவேலையைத்தான் உருப்படியாகப் பழக முடியும் என்கிற நர்சோ டாக்டரோ, புண்ணிலிருந்து பாரத்தை இறக்கும் வேலையைப் பழகட்டும் என்பேன். இங்கே பேசுவது முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ நரம்புக் கோளாறால் வந்த புண்ணைப் பற்றி. குதிகால் புண் தனிக் கதை.

முழங்காலுக்குக் கீழ்வரை ஒட்டிப் போடும் மாவுக்கட்டுக்கு, அதாவது டோட்டல் கான்டாக்ட் காஸ்டுக்கு, நம் பக்கத்தில் பழைய உறவு உண்டு. 1930களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோய்ப் புண்களுக்கு மாவுக்கட்டு போட்டார். வேலூரில் தொழுநோயாளிகளின் கை கால்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1960களில் அமெரிக்காவுக்குப் போனபோது இந்த முறையையும் கொண்டு போனார். அங்கே அது சர்க்கரைக் கால்களுக்குப் பரவியது.

எலும்பு முறிவுக்குப் போடும் கட்டுபோல இதில் பஞ்சைத் தாராளமாகச் சுற்றக் கூடாது. கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பு, கணுக்கால் முண்டுகள், விரல்கள் ஆகிய இடங்களில் மட்டும் ஃபெல்ட்டும் (அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி) ஃபோமும் வைத்து, மற்ற இடங்களில் மெல்லிய உறை மட்டும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்துக்கொண்டு, மாவு இறுகும் முன் உள்ளங்கையால் பாதத்தின் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்துப் படியவைக்க வேண்டும். விரல் நுனியால் ஓரிடத்தில் அழுத்திவிட்டால் உள்ளே ஒரு மேடு நின்றுவிடும். அந்த மேடே புதுப் புண்ணைக் கிளப்பும். சரியாகப் படிந்த கட்டில் உடல் எடையில் ஒரு நல்ல பங்கு கட்டின் சுவர் வழியாகக் கெண்டைக்காலுக்குப் போய்விடுகிறது.

வாக்கர், அதாவது முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பட்டை வைத்த பூட்ஸ், அப்படியில்லை. பெட்டியைத் திறந்து, அளவு பார்த்து, பட்டைகளை இழுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளந்தால் நல்ல வாக்கர் மாவுக்கட்டுக்கு அதிகம் சளைப்பதில்லை. நோயாளிகளிடம் வந்தால் கணக்கு மாறுகிறது. 2001இல் அமெரிக்கப் பாத மருத்துவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கின் குழு வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் புண் ஆறியவர்கள் மாவுக்கட்டில் 89.5 சதவீதம், கழற்றக்கூடிய வாக்கரில் 65 சதவீதம். காரணம் 2003இல் தெரிந்தது: வாக்கர் கொடுக்கப்பட்டவர்கள் அன்றாடம் வைத்த அடிகளில் 28 சதவீதம்தான் அதைப் போட்டுக்கொண்டு வைத்தவை. "ஒரே ஒரு கல்யாணம்தான் சிஸ்டர், ரெண்டு மணி நேரம் கழட்டிக்கிறேன்" என்று கேட்காத நோயாளி உண்டா? கேட்பவராவது பரவாயில்லை, சொல்லாமல் கழற்றுகிறவர்கள்தான் அதிகம்.

அதே வாக்கரின் மேல் ஒரு சுருள் மாவுக்கட்டுப் பட்டையைச் சுற்றிக் கழற்ற முடியாமல் செய்துவிட்டால்? 2005இல் வந்த ஆய்வில் அப்படிச் சுற்றியவர்களில் 82.8 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் ஆறியது. சுற்றாத வாக்கரில் 51.9 சதவீதத்தினருக்குத்தான். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டியும் கழற்ற முடியாத இந்த இரண்டையும்தான் முதல் தேர்வாக வைக்கிறது. கட்டு போடத் தெரிந்தவர் இல்லாத ஊரில் இது பெரிய வரம், வாக்கரின் விலை கட்டுப்படியானால்.

கட்டுப்படியாகாத இடத்துக்கு ஃபெல்ட் இருக்கிறது. புண்ணின் அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டிப் பாதத்தில் ஒட்டுகிறோம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். சில நாளில் அமுங்கிப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டையின் விளிம்பு தோலை அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாரம் இறக்குவதில் மற்ற இரண்டின் பக்கத்தில் இது வராது. ஆனால் வாசலிலேயே செருப்பை விட்டுவிடும் நம் வீடுகளில், கழற்றக்கூடிய வாக்கர் வெளியே நின்றுவிட்டாலும் இது காலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். வழிகாட்டி இதைப் பொருத்தமான காலணியோடு சேர்த்துத்தான் சொல்கிறது, அதையும் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பை, அதாவது மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பை, இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. ஆறிய புண் திரும்ப வராமல் தடுக்க அது நல்ல பொருள். திறந்த புண்ணோடு வந்தவருக்கு அதை எழுதிக்கொடுத்து அனுப்புவது பல ஓ.பி.களில் இன்னும் நடக்கிறது.

என்னைக் கேட்டால், கற்பவர் மாவுக்கட்டிலிருந்து தொடங்கட்டும். காணொளி பார்த்து வாக்கர் மாட்டலாம், கட்டு வராது. தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, முதலில் சக ஊழியரின் நல்ல காலில் போட்டுப் பழகுங்கள். எங்கே குத்துகிறது என்று அவர் சொல்வார், மரத்த கால்காரர் சொல்லமாட்டார். அறுக்கும் மெஷினின் சூடும் அவருக்குத் தெரியாது, அதனால் கட்டைப் பிரிக்கவும் பழக வேண்டும்.

யாருக்குப் போடுவது என்ற முடிவு கைவேலைக்கு முந்தியது. பாதத்தின் நாடி, ரத்த ஓட்டம், சீழ், புண்ணுக்குள் விடும் உலோகக் குச்சி எலும்பில் தட்டுகிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகே கட்டு. தொற்றோ ரத்த ஓட்டக் குறைவோ மிதமான அளவுக்கு இருந்தாலே கழற்றக்கூடிய வகைக்குப் போய்விடலாம்; கடுமையாக இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீக்கம் வடிந்து கட்டு தொளதொளக்கும். அப்புறம் வாரம் ஒருமுறை. பஸ் பிடித்து அந்த நாளில் திரும்ப வரமுடியாதவருக்குக் கட்டு போட்டு அனுப்பாதீர்கள். ஃபெல்ட் ஒட்டி, வீட்டில் ஒருவருக்கு மாற்றக் கற்றுக்கொடுங்கள்.