லேடெக்கா, டிப்ஸ்ட்டா? வரிக்கடைசியில் முட்டி நிற்கும் சொல்

பதினான்கு வருடமாக லேடெக்கில் புத்தகங்களுக்கு லே-அவுட் செய்கிறேன்; கட்டளைகளோடு தட்டிய கோப்பை அச்சுப்பக்கமாக அடுக்கிக் கொடுக்கும் மென்பொருள் அது. கடைசி இரண்டு வருடமாக, அதே வேலைக்கான புதிய மென்பொருள் டிப்ஸ்ட்டும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் முன்னால், திரையிலேயே கையால் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு பத்தியை எடுத்துக் காட்டுவேன். டெம்மி அளவு, 11 பாயின்ட் எழுத்து, இரண்டு ஓரமும் சீராக வெட்டிய வரிகள், நடுவில் 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல். அது வரிக்கடைசியில் வந்து முட்டும்போது மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். வேகம், விலை, கணிதம் எல்லாம் அப்புறம்.

பேஜ்மேக்கர் காலத்தில் அதைக் கையால்தான் சமாளித்தோம். டிடிபி கடையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன், கேப் விழுந்த வரியைப் பார்த்தாலே கர்சரை வைத்து எழுத்திடைவெளியை இழுப்பார். அழகாகத்தான் வரும். ஆசிரியர் புரூஃபில் ஒரு வரி சேர்த்தால் பாடெல்லாம் பாழ். அதைவிடப் பெரிய தலைவலி எழுத்துரு. ஒவ்வொரு நிறுவனத்து எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். 2001-இல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பக்கமே அது வரவில்லை. அன்று செய்த ஒரு சிறுகதைத் தொகுப்பைச் சில வருடம் முன்பு மறுபதிப்புக்கு எடுத்தபோது, கோப்பு இருந்தது, எழுத்துரு இல்லை. திரையில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தது. மாற்றி மூலம் மாற்றியதில் சில இடங்களில் 'ஸ்ரீ' காணாமல் போயிருந்தது. கடைசியில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதாக மெய்ப்புப் பார்த்தேன்.

லேடெக்குக்கு நான் போனது ஒரு கணித ஆசிரியரால். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே பின்னமும் வர்க்கமூலமும் வரும் புத்தகம் அது. லேடெக்குக்கு அடியில் ஓடும் டெக்கில் அதற்கு முன்பும் தமிழ் உண்டு. டெக்கின் எழுத்துரு நிரலான மெட்டாஃபாண்ட்டில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது; ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 2004-இல் ஜோனதன் கியூ வெளியிட்ட சீடெக் என்ற டெக் வகைதான் கதவைத் திறந்தது. யூனிகோடில் தட்டு, கணினியில் உள்ள ஓப்பன்டைப் எழுத்துருவின் பெயரைச் சொல், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதல் புத்தகத்தை ஓட்டியபோது டெக் எழுதிவைத்த லாக் கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை: 'பேட்னெஸ் 10000'. டெக் வரிவரியாக உடைப்பதில்லை. டொனால்ட் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் விளக்கி எழுதிய முறைப்படி, பத்தி முழுவதையும் பார்த்து, எங்கெங்கே உடைத்தால் மொத்த அசிங்கம் குறையும் என்று கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 10000 வரை ஒரு அசிங்க மதிப்பெண். ஆங்கிலத்தில் சொற்கள் சின்னவை, ஒரு வரியில் பத்து இடைவெளியாவது இருக்கும், பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். தமிழில் சில வரிகளில் மூன்றே இடைவெளி. எவ்வளவு நல்ல கணக்காக இருந்தாலும் பத்துப் பேர் தூக்க வேண்டிய மூட்டை மூன்று பேர் தலையில்தான்.

ஆகவே சொல்லை உடைத்தே ஆக வேண்டும். சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் உடைப்பு வடிவங்கள் டெக் விநியோகத்தில் தமிழுக்கும் இருக்கின்றன என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. மொழி தமிழ் என்று பாலிகிளாசியா என்ற மொழித் தொகுப்பில் அறிவித்தால் அவை வேலை செய்யும். பத்திரிகைகளைப் போல வரி முனையில் கோடு வேண்டாம் என்றால், ஹைபனுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை வைத்துக்கொள்ளலாம். வரிகள் அன்றே ஒழுங்காகிவிட்டன. ஆனால் அந்த வடிவங்களுக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. ஒரு நாவலில் 'தலைவிதியை' என்ற சொல், 'தலைவி' என்று ஒரு வரியை முடித்து 'தியை' என்று அடுத்ததைத் தொடங்கியது. ஆசிரியர் போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பொறி: சொல்லின் தொடக்கத்தில் குறைந்தது எத்தனை எழுத்து நிற்க வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். 2 என்று கொடுத்தேன். அப்படியும் 'கோ' தனியாக நின்றது. டெக் எண்ணுவது யூனிகோடு குறிகளை. அதன் கணக்கில் 'கோ' இரண்டு. அதை 4 ஆக்கினேன். தவறாக உடையும் சொற்களை ஒரு விலக்குப் பட்டியலில் போடத் தொடங்கினேன். இப்போது அதில் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன.

சீடெக்கில் ஓடும் லேடெக்கான சீலேடெக்கிலிருந்து, லுவாடெக் என்ற இன்னொரு டெக் வகையில் ஓடும் லுவாலேடெக்குக்கு மாறியது 2020-க்குப் பிறகு. அதற்கு முன் முயன்றபோதெல்லாம் கொம்பு இடம் மாறி விழுந்தது. டெக் நிரல்களின் முழுத் தொகுப்பான டெக் லைவில், எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் அந்த வருடம் சேர்ந்ததும் சரியானது. வேகம் மட்டும் குறைவு. முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளியை மாற்றிவிட்டு நான் டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

டிப்ஸ்ட்டுக்கு என்னை இழுத்ததே அதுதான். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் மெட்யே, மார்ட்டின் ஹவுக் இருவரும் செய்தது. 2023 மார்ச்சில் மூலநிரலோடு பொதுவில் வந்தது. டெக் லைவை முழுதாக நிறுவினால் பல ஜிபி. இது ஒரே ஒரு சின்னக் கோப்பு. தட்டத் தட்டப் பக்கம் மாறுகிறது. பிழைச் செய்தி எந்த வரியில் என்ன தப்பு என்று மனிதர் போலச் சொல்கிறது. லேடெக்கின் பிழைச் செய்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். கேள்வித்தாள், அழைப்பிதழ், கையேடு எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டேன். தமிழ் எழுத்து முதல் நாளிலிருந்தே சரியாக வந்தது. சீராக்கிய பத்தியை இதுவும் முழுதாகப் பார்த்தே உடைக்கிறது.

என் சோதனைப் பத்தியில்தான் தடுக்கியது. நான் பயன்படுத்திய பதிப்புகளில் தமிழ்ச் சொல் உடையவே இல்லை. நீளச் சொல் அப்படியே அடுத்த வரிக்குத் தாவ, மேல் வரியில் பொக்கைவாய். ஒரு சின்னப் பைதான் நிரல் எழுதி, உடையலாம் என்ற இடங்களில் அகலமில்லா இடைவெளியைச் செருகினேன். பக்கம் அழகாகிவிட்டது. ஆனால் பிடிஎஃப்பில் சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. அச்சுக்கு மட்டும் போகிற புத்தகம் என்றால் பரவாயில்லை. மின்னூலாகவும் விற்பார்கள் என்றால் இந்த வழி ஆகாது.

புத்தகத்தின் கடைசியில் அகரவரிசைப் பொருளடைவு வேண்டும் என்றால் இரண்டிலுமே கஷ்டம். யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' இருக்கிறது, 'ர'வுக்கு அடுத்து 'ற'. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். குறியெண்படி அடுக்கினால் 'அகம்', 'அகாலம்' முடிந்து பிறகுதான் 'அக்கா' வரும். தமிழ் அகராதியில் மெய் முன்னால், உயிர்மெய் பின்னால். லேடெக்கின் பொருளடைவு நிரலான மேக்இண்டெக்ஸுக்கும் டிப்ஸ்ட்டின் வரிசைப்படுத்தலுக்கும் இது தெரியாது. ஐசியு என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைக் கொண்டு தனியே அடுக்கி, முடிவை உள்ளே ஒட்டுகிறேன்.

படக்கதை, குழந்தைகள் புத்தகம் என்றால் இரண்டையும் மூடிவிட்டு, திரையிலேயே பக்கம் அமைக்கும் இன்டிசைனுக்குப் போய்விடுவேன். 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல் அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது. சந்தா கட்ட வேண்டும் என்பதுதான். படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட லேடெக்கோடு மல்லுக்கட்டிய இரவுகளை நினைத்தால், அந்தச் சந்தா மலிவு.

ஆசிரியர்கள் எல்லோரும் வேர்டில்தான் அனுப்புகிறார்கள். பேன்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக இரண்டுக்கும் மாற்றலாம், வேலை ஒன்றுதான். திருத்தம் அச்சிட்ட தாளில் சிவப்பு மையில் வருவதால், என் கோப்பை யாரும் திறக்கப் போவதில்லை. உங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே கோப்பைத் தொடுவார்கள் என்றால் டிப்ஸ்ட்டைத்தான் சொல்வேன். லேடெக்கை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது, டிப்ஸ்ட்டை என் தங்கை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொண்டாள்.

இருந்தும் பெரிய புத்தகங்களை நான் இன்னும் லுவாலேடெக்கில்தான் செய்கிறேன். டெக்கின் பதிப்பு எண் பை மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நகர்கிறது, 2021-இல் 3.141592653 ஆனது. அந்த அளவுக்கு அடித்தளம் அசையாமல் இருக்கிறது. டிப்ஸ்ட் 1.0-ஐ எட்டவில்லை, பதிப்பு மாறும்போது என் வார்ப்புருவில் இரண்டு மூன்று வரி உடைகிறது. கேள்வித்தாளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கணித ஆசிரியரின் புத்தகம் இப்போது மூன்றாம் பதிப்புக்கு வந்திருக்கிறது. 2012-இல் செய்த கோப்பை எடுத்து ஓட்டினேன். எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது; பக்க எண்கூட நகரவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அவர் புதிதாக நான்கு பக்கம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், அதைத்தான் இந்த வாரம் செய்துகொண்டிருக்கிறேன்.