கூடுதுறை முதல் திருச்செங்கோடு வரை: அம்மாவுடன் ஒரு நாள் கார் பயணம்

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பவானிக் கூடுதுறையில் முழுகிவிட்டு அன்றைக்கே செங்கோட்டு மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெருந்துறையிலிருந்து இரண்டு ஊரும் தொலைவில்லைதான். ஆனால் பஸ் மாறி மாறி அவரை அழைத்துப்போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஈரோட்டில் ஒருவர் நடத்தும் ஒரு நாள் கார் பயணத்துக்குப் பணம் கட்டினேன். பவானி, சங்ககிரி, திருச்செங்கோடு, பிறகு வீடு. மதியச் சாப்பாட்டோடு இரண்டு பேருக்கு 3,200 ரூபாய்.

காலை 5.30 மணிக்கு வருவதாகச் சொன்ன கார் 5.20க்கே வாசலில் நின்றது. வெயில் ஏறுவதற்குள் பவானிக்குப் போய்விட்டோம். காவிரியும் பவானியும் சேருகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அமுதநதியும் கலப்பதாகச் சொல்வார்கள். படித்துறையின் கீழ்ப்படிகளில் பாசி படிந்திருந்தது. டிரைவர் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தான் இறங்கினார். ஒவ்வொரு படியையும் உள்ளங்காலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது படியில் நின்று, “இதோடு போதும் ஆத்தா, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கா மொண்டு ஊற்றட்டும்” என்றார். காரிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பும் எடுத்து வந்திருந்தார். அந்தச் சொம்பை எடுத்துவைக்கத் தோன்றியவருக்கு எவ்வளவு பாராட்டுச் சொன்னாலும் தகும்.

குறையும் உண்டு. தம்பிக்கு வழி தெரியும், கதை தெரியாது. சங்கமேசுவரர் கோயிலில் அன்றைய கலெக்டர் வில்லியம் காரோ 1804இல் வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகத் தந்த தந்தக் கட்டில் இருப்பதை நான்தான் அவருக்குச் சொன்னேன். விவரம் சொல்ல ஒருவர் கூட வந்தால் இந்தப் பயணத்தின் மதிப்பே வேறு.

எங்களுக்கு அந்தக் குறையை அம்மா தீர்த்துவைத்தார். சம்பந்தர் செங்கோட்டைப் பாடிவிட்டு, திருநணா என்கிற இந்தப் பவானிக்கு வந்து, மறுபடியும் செங்கோட்டுக்கே திரும்பினார். அங்கே அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டே அம்மா முணுமுணுத்த பாட்டு அது. சம்பந்தர் வந்துபோன ஊருக்கும் அந்தப் பாட்டுப் பிறந்த ஊருக்கும் நடுவே காரில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று குமாரபாளையம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

சங்ககிரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. வெறும் பாறை மலையில் இருக்கிற கோட்டை அது. அங்கே கொண்டுபோய் 11 மணிக்கு இறக்கிவிட்டால் யார் ஏறுவது? இரண்டு வாசலைத் தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது, திரும்பிவிட்டேன். தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31இல் தூக்கிலிட்ட இடம். ஆடிப் பதினெட்டில் ஊர் ஊராக வந்து மாலை போடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தை நேரம் ஒப்பேற்றுகிற இடமாக வைத்திருப்பது தவறு. நடத்துகிறவரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்: கோட்டைக்குத் தனியாக ஒரு விடியற்காலை ஒதுக்குங்கள், இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

சாப்பாடு அவர் வீட்டிலேயே சமைத்தது. சாலையோரப் புளியமரத்து நிழலில் தூக்குப்போசியைத் திறந்தபோது அரிசியும் பருப்பும் சோறு இன்னும் சூடாக இருந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடந்தன. நெய் தனியாக ஒரு கிண்ணத்தில், கட்டித்தயிர் இன்னொன்றில். வெளியூர்ச் சாப்பாட்டில் எப்போதும் குறை சொல்லும் அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்.

திருச்செங்கோட்டில் நான் கேட்காமலேயே ஒரு யோசனை சொன்னார்கள். அம்மா காரில் மலைப்பாதை வழியாகப் போகலாம், நான் படியேறலாம். 1,200க்கும் மேற்பட்ட படிகள். காரிலேயே மேலே போகிறவர்கள் பாதி மலையை இழக்கிறார்கள் என்பேன். 60 அடி நீளத்துக்குப் பாறையில் செதுக்கிய நாகத்தைப் படிவழியில் வந்தால்தான் பார்க்க முடியும். அதன் உடம்பெல்லாம் குங்குமமும் மஞ்சளும் அப்பியிருந்தன. விரலால் தொட்டேன், பாறை வெயிலில் காய்ந்து சுட்டது, குங்குமம் மட்டும் மெத்தென்று ஒட்டிக்கொண்டது. தீராத வழக்குக்குச் சத்தியம் செய்கிற அறுபதாம் படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே போனபோது தம்பி கோயில் வாசலில் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே, பாதி ஆணும் பாதி பெண்ணுமாக மேற்கு நோக்கி நிற்கிற சாமிக்கு முன்னால் நின்றிருந்தார். சாமியின் காலடியில் ஊறும் தீர்த்தம் அவர் உள்ளங்கையில் இருந்தது. எனக்காகக் குடிக்காமல் வைத்திருந்து, பாதியை என் கையில் ஊற்றினார். அரை மணி நேரம் கூடுதலாக இருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை.

இருட்டிய பிறகு பள்ளிபாளையம் வழியாகத் திரும்பினோம். பாலத்தில் கண்ணாடியை இறக்கச் சொன்ன அம்மா, கீழே பார்த்துக்கொண்டே, “காலையில் நான் குளித்த தண்ணீர் இந்நேரம் கொடுமுடிக்குப் போயிருக்குமா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை ஆத்தா, நடுவில் கதவணை இருக்கிறது. இனிமேல்தான் வரும்” என்று சொல்லி, பாலம் முடியும்வரை காரை மெதுவாகவே ஓட்டினார்.