சுரங்க நிலத்தில் பச்சை திரும்ப: புல்லா, மரமா, சும்மா விடுவதா?

சீக்கிரம் பச்சை தெரிய வேண்டுமென்றால் புல்தான். விதை, உரம், நார்க்கூழ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பீய்ச்சியடிக்கும் ஹைட்ரோசீடிங்கில் செங்குத்துச் சரிவுகூடச் சில வாரங்களில் முளைத்துவிடும், மண் அரிப்பும் குறையும். சிக்கல் அப்புறம்தான் வரும். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில், தோண்டிய நிலத்தைச் சீராக்கியே ஆக வேண்டும் என்ற 1977 சுரங்கச் சட்டத்துக்குப் பிறகு, சரிவு நிற்க வேண்டுமே என்று புல்டோசரை ஏற்றி ஏற்றி மண்ணை இறுக்கி, மேலே அடர்ந்து படரும் வெளிநாட்டுப் புல்லை விதைத்தார்கள். பச்சை வந்தது, காடு வரவில்லை. வேர் கீழே இறங்க வழியில்லை, தப்பி முளைத்த கன்றையும் புல் அமுக்கிவிட்டது. இப்போது அதே நிலங்களில் இறுகிய மண்ணை ஆழமாகக் கிழித்துவிட்டு மரம் நடுகிறார்கள். குறைந்தது 1.2 மீட்டராவது மண் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு.

அகேசியா, தைலமரம் என்று வரிசையாக நடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அகேசியாவின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வெறும் மண்ணுக்குத் தெம்பு தருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே மரமாக நட்ட தோப்புக்குள் போனால் காலடியில் சருகைத் தவிர அதிகம் இருக்காது. இறுகிய மண்ணில் பட்டுப்போன கன்றைப் பிடுங்கிப் பாருங்கள், தொட்டிச்செடி மாதிரி வேர் குழிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

சும்மா விடுவதைச் சோம்பேறித்தனம் என்பவர்களுக்கு செக் நாட்டின் சோகோலோவ் நிலக்கரிக் கழிவு மேடுகள் நல்ல பதில். மட்டம் தட்டாமல் மேடும் பள்ளமுமாக விட்ட இடங்களில் வில்லோ, பிர்ச், ஆஸ்பென் எல்லாம் தாமாகவே வந்து, இருபது முப்பது ஆண்டுகளில் இளங்காடாகிவிட்டன. செலவும் அநேகமாக இல்லை. ஆனால் விதை வந்து விழப் பக்கத்தில் காடோ புல்வெளியோ இருக்க வேண்டும், மண்ணும் நஞ்சாக இருக்கக்கூடாது. பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்த கழிவு காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலத்தைக் கக்கும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) 3-க்கு இறங்கிய மண்ணில் சுண்ணாம்பு போடாமல் எத்தனை வருடம் காத்திருந்தாலும் மொட்டைதான்.

என் ஓட்டு மேல்மண்ணுக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற மரம் நிறைந்த காட்டிலுள்ள பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கங்களில், புதிதாகத் தோண்டப் போகும் இடத்தின் மேல்மண்ணை வழித்து, முடிந்தவரை அப்படியே கொண்டுபோய்ப் பழைய குழியில் பரப்புகிறார்கள். அந்தக் காட்டின் விதைகளில் பெரும்பகுதி மேலே உள்ள சில சென்டிமீட்டரிலேயே கிடக்கிறது, வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் அதில்தான் இருக்கிறது. அதையே குவித்து வருடக்கணக்கில் போட்டுவைத்தால் ரெண்டும் செத்துப்போய், கடைசியில் மிஞ்சுவது வெறும் மண்.

என்றோ கைவிட்ட சுரங்கத்துக்கு இந்த வாய்ப்பு கிடையாது. அங்கே முதல் செலவு நாற்றுக்கு இல்லை, பிஎச் சோதனைக்கும் மண்ணைக் கிளறும் இயந்திரத்துக்கும்தான். பக்கத்தில் காடு இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்த மண்ணுக்குரிய மரங்களைக் கலந்து நடுங்கள், இடையே புல்லை மட்டும் கொஞ்சமாக விதையுங்கள்.