வேலைவாரியா, நோயாளிவாரியா? வார்டில் டூட்டி பிரிக்கும் கதை

எங்கள் சர்ஜரி வார்டில் 24 படுக்கை. பகலில் 4 ஸ்டாஃப் நர்ஸ், 2 உதவியாளர்கள். நான் இன்சார்ஜாக வந்தபோது வேலைவாரியாகத்தான் பிரித்திருந்தார்கள். ஒருவருக்கு மருந்தும் ஊசியும், ஒருவருக்கு பி.பி., டெம்பரேச்சர், ஒருவருக்கு டிரெஸ்ஸிங், ஒருவருக்கு ரவுண்ட்ஸும் கேஸ் ஷீட்டும். இப்போது நோயாளிவாரியாக மாற்றிவிட்டேன். ஆளுக்கு 6 பேர், அவர்களுக்கு எல்லாம் அவரே. பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதைப் பார்த்தால் 6 அதிகம்தான்.

வேலைவாரியில் வேகம் உண்டு. காலை 8 மணி ஊசி சட்டென்று முடியும், புதிதாக வந்தவருக்குக் கையும் பழகும்.

என் மனதை மாற்றியது ஒரு யூரின் பை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மறுநாள், 60 கிலோ எடையுள்ள ஒருவர். உதவியாளர் அக்கா பையைக் காலி செய்தபோது 4 மணி நேரத்துக்கு 80 மில்லிதான் இருந்தது. எதிரில் நின்ற டிரெஸ்ஸிங் சிஸ்டரிடம் சொன்னார். அவர் கையில் கிளவுஸ். "சரிக்கா, எழுதிடுங்க" என்றார். பி.பி. பார்த்தவர் நாடித்துடிப்பு 112 (வழக்கத்தைவிட வேகம்) என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற குறைந்தபட்சக் கணக்கில்கூட 4 மணி நேரத்துக்கு 120 மில்லி வந்திருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருப்போம். ஷிப்ட் மாறும்போதுதான் கவனித்தோம். நல்லவேளை, தேறிவிட்டார். அன்று அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

உதவியாளரிடம் அளக்கக் கொடுக்கலாம். அந்த அளவு போதுமா என்று முடிவு செய்ய வேண்டியது நர்ஸ். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை எழுப்பி நடக்கவைக்கும்போது நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். நோயாளிவாரியில், "11-ஆம் படுக்கைக்கு மணிக்கொரு தடவை அளந்து என்கிட்டயே சொல்லுங்கக்கா, 30 மில்லிக்குக் கீழே போனா உடனே கூப்பிடுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அந்த அக்காவுக்கும் யாரிடம் சொல்வது என்ற குழப்பம் இல்லை.

படுக்கை எண் வரிசையில் மட்டும் பிரிக்காதீர்கள். முதல் வாரம் நான் அப்படிப் பிரித்து, ஆபரேஷன் முடிந்து வந்த 3 பேரும் ஒரே பெண் தலையில் விழுந்தார்கள். இப்போது புது ஆபரேஷன் கேஸ்களை முதலில் பங்கிட்டுவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களை.

ஐ.சி.யு.வில் இந்தக் கேள்வியே எழாது, அங்கே என்றும் நோயாளிவாரிதான். இரவு டூட்டி பற்றித்தான் எனக்கு உறுதி இல்லை. 2 பேர்தான் இருப்பார்கள், ஆளுக்கு 12. சில வாரம் அப்படி ஓட்டிப் பார்த்தேன். நள்ளிரவு மருந்துகள் தாமதமானதால், இப்போதைக்கு இரவில் மருந்தை மட்டும் ஒருவரிடம் விட்டிருக்கிறேன்.